பதினேழாம் நாள், ஒரு பால்பல்

முட்டைகளைத் திருப்பி வைக்கிறேன்.
நாளுக்கு ஒரு முறை, தலைகீழாக.
வாசலின் தடவி ஏற்றிய தொண்ணூற்றாறில்
நாற்பத்தொன்று மிச்சம்.
இந்தப் படகில் நாட்காட்டி இதுதான்.

கலாபகோஸ் முதுகுக்குப் பின்னால் கரைந்து பதினேழு நாள்.
மார்க்கேசாஸ் இன்னும் எண்ணூறு கடல் மைல்.
கொண்டல் சொன்ன சொல் மாறாமல் அடிக்கிறது.
பிரித்தானியில் எங்கள் கரையை அறையும்
வடமேற்குக் காற்றின் பெயரைப் படகுக்கு வைத்தோம்,
க்வலார்ன்.
இங்கே அந்தக் காற்று வருவதேயில்லை.

பன்னிரண்டு மீட்டர் நீளம் எங்கள் ஊர்.
நான்கு பேர், இரண்டு கதவு,
அதில் ஒன்று கழிப்பறையினுடையது.
கூல்வெனும் நானும் மூன்று நாளாகப் பேசிக்கொள்வது இவ்வளவே:
காற்று பதினெட்டு.
பாயைக் குறை.
உன் முறை.
ரோஸ்கோஃபில் விற்ற வீட்டைப் பற்றித்தான் சண்டை.
விற்று எட்டு மாதமாயிற்று.
எந்தக் காற்றைப் பிடித்ததோ,
எங்களுக்கு முன்னால் வந்து
இங்கே நிற்கிறது அந்த வீடு, பச்சை ஜன்னலோடு.

மூத்தவள் திஃபென்னுக்குப் பதினான்கு வயது.
உப்புத் தண்ணீரில் தட்டு கழுவியபடி சொன்னாள்:
"கனவு உங்களுடையது. பாத்திரம் என்னுடையது."
அதற்குப் பதில் இல்லை என்னிடம்.
துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டேன்.

காலையில் காய்ந்த ரொட்டியைக் கடித்த ஜில்தாஸ்
உள்ளங்கையில் பல்லோடு மேலே வந்தான்.
வாயெல்லாம் ரத்தம், முகமெல்லாம் பெருமை.
எங்கள் பக்கத்தில் விழுந்த பல்லைத் தலையணைக்கடியில் வைப்போம்,
இரவில் சுண்டெலி வந்து எடுத்துக்கொண்டு
காசு வைத்துவிட்டுப் போகும்.

"இங்கே ஆழம் எவ்வளவு?"
நான்காயிரம் மீட்டர்.
"எலிக்கு நீந்தத் தெரியுமா?"
கொஞ்சம்.
"நம் புது முகவரியை எலியிடம் சொன்னீர்களா?"

கூல்வென் என்னைப் பார்த்தான்.
நான் அடிவானத்தைப் பார்த்தேன்,
அதில் எழுதியிருப்பது போல.

மாலை வானொலியில்
இருநூறு மைல் பின்னால் வரும் நார்வே படகு கேட்டது:
"எல்லாரும் நலமா?"
"நலம். ஒரு பல் போயிற்று."
"பாய்மரக் கம்பியா?"
"இல்லை. பல்."

இரவு இரண்டிலிருந்து ஐந்து என் காவல்.
சுக்கானைக் காற்றுத்தகடு பிடித்திருக்கிறது,
சோறு கேட்காத மாலுமி.
படகு கிழிக்கும் நீரில் பச்சை வெளிச்சம்
எரிந்து எரிந்து அணைகிறது.
பறக்கும் மீனொன்று தோளில் அறைந்து
தளத்தில் துடித்தது.
எடுத்துப் போட்டேன்.
கை முழுக்கச் செதில்.

மூன்றரைக்குக் கீழே இறங்கினேன்.
படகின் சாய்வுக்கு உருளாதபடி துணி கட்டிய படுக்கையில்
திறந்த வாயோடு தூங்குகிறான்.
பனாமாவில் மிஞ்சிய பல்போவா ஒன்றை
மீன் வாசத்தோடே தலையணைக்கடியில் தள்ளினேன்.
பல்லுக்காகத் துழாவினேன்,
அகப்படவில்லை.
மேலே கயிறு படபடத்தது, ஓடினேன்.

விடிந்ததும் கத்தினான்.
ஒரு யூரோ, ஒரு பல்போவா,
கலாபகோஸ் கடையில் சில்லறையாக வந்த ஒரு டாலர்.
"ஒரு எலி இல்லை, மூன்று! படகிலேயே இருக்கிறது!
அதில் ஒன்றுக்கு மீன் நாற்றம்!"

திஃபென் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்தாள்.
அவள் காது சிவந்ததை நான் பார்த்தேன்.
ஜில்தாஸ் உணவுப் பட்டியலைத் திருத்தினான்:
ஏழு பேர். பாலாடைக்கட்டி மேலும் மூன்று துண்டு.

கூல்வென் என் பக்கம் குனிந்து
மெதுவாகக் கேட்டான்:
"பல் உன்னிடமா?"
மூன்று நாளில்
காற்றைப் பற்றியல்லாத முதல் வாக்கியம்.
"இல்லை. உன்னிடம் என்று நினைத்தேன்."
இருவரும் திஃபென்னைப் பார்த்தோம்.
அவள் தலையசைத்தாள், இல்லையென்று.

தரைப்பலகைகளைத் தூக்கித் தேடினோம்,
நான்கு பேரும் முழங்காலிட்டு,
தலைகள் முட்டிக்கொண்டு.
ஒரு திருகாணி, ஒரு பட்டாணி,
ஏப்ரலில் தொலைந்த கத்தரிக்கோல்.
பல் கிடைக்கவில்லை.

முட்டைகளைத் திருப்ப வந்தேன்.
ஒன்று நீரில் மிதந்தது, கடலில் எறிந்தேன்.
மூன்றை உடைத்தேன், யாரையும் கேட்காமல்.
முப்பத்தேழு.