கரண்ட் பில்லின் பின்பக்கம்

அரிசி மூன்று கிலோ என்று எழுதினேன்.
‘ரெண்டு போதும் கா, போன முறை
பாணமையில் யாருக்கோ அள்ளிக் குடுத்தமே’
என்றாள் தவமலர் மச்சாள்.
கொடுத்தது எனக்கு நினைவில்லை.
தோள் வலித்தது நினைவிருக்கிறது.
இரண்டு என்று திருத்தினேன்.

களுவாஞ்சிகுடியில் கரண்ட் போய் ஒரு மணித்தியாலம்.
மெழுகுதிரி வெளிச்சத்தில்
கரண்ட் பில்லின் முதுகில் எழுதுகிறோம்
காட்டுக்குக் கொண்டுபோகும் சாமான்களை.

தறப்பாள் ஒன்று.
ஐந்து லீற்றர் கான் இரண்டு.
வறுத்த மா. ஜீவனி பத்துப் பைக்கற்.
பழைய சாரியில் கிழித்த துணி, கொப்புளங்களுக்கு.
‘செருப்பு எழுதவா?’
மச்சாள் சிரித்தாள்.

தம்பிலுவில் தார் றோட்டில், உச்சி வெயிலில்,
நடுவே கீறிய வெள்ளைக் கோட்டின்மேல் மட்டும்
கால் வைத்து வைத்து
கயிற்றில் நடப்பவள்போல அவள் போனதும்
எதிரே வந்த லொறி
ஹோர்ன் அடிக்காமல் ஒதுங்கியதும்.

அதற்கு முதல் நாள் அக்கரைப்பற்றில்
சைக்கிள் கடை நானா ஒருவர்
நிழலுக்குள் இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டார்.
எங்கே, ஏன், எத்தனை நாள்
ஒன்றும் கேட்கவில்லை.
எழும்பும்போது மட்டும் சொன்னார்:
‘யானையைக் கண்டா ஓடப்போடா. நில்லுங்க.’

உகந்தை வரைக்கும் எங்கள் ஞாபகம் ஒன்றுதான்.
பதிவு மேசையில் பெயர் கொடுத்துக்
காட்டுக்குள் நுழைந்தபின்
இரண்டு பேர் இரண்டு பாதை.
நிலவு இருந்தது என்பாள்.
என் கைவிரலே தெரியவில்லை என்பேன் நான்.
கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பாள்.
அதைவிட இனிப்பாய் நான்
எதையும் குடித்ததில்லை.

மறுகா அந்தப் பொடியன்.
பெயர் கிரிசாந்தன்,
செங்கலடியில் சங்கக்கடை வேலை.
இவ்வளவும் அவனுடைய கை சொன்னது.
கதிர்காமம் சேரும்வரை பேசுவதில்லை என்று நேர்த்தி.
கேட்டால் நீலப் பேனாவால்
உள்ளங்கையில் எழுதிக் காட்டுவான்,
எச்சில் தொட்டு அழிப்பான்.
நாலாம் நாள் அவன் நாக்கும் நீலம்.

குமுக்கன் ஆற்றில் முதலில் இறங்கியது அவன்தான்.
நடு ஆற்றில் நின்று
பல்லில் கடித்திருந்த பேனாவை எடுத்து
ஏதோ எழுதி, எங்கள் பக்கம் திரும்பி
கையை உயர்த்தினான்.
வெயில் நேரே கண்ணில்.
கால் வழுக்கி விழுந்து எழும்பியபோது
உள்ளங்கையில் நீலம் மட்டும்.

‘வாங்க’ என்று நான் வாசித்தேன்.
‘ஆழம்’ என்று மச்சாள்.
நான் இறங்கினேன்.
அவள் கயிறு கட்டும்வரை கரையில் இருந்தாள்.
எனக்கு நெஞ்சுவரை,
அவளுக்கு முழங்கால்வரை,
மூன்று மணித்தியால இடைவெளியில் ஒரே ஆறு.
இரண்டு வருசமாக இந்த வழக்கு
தீரவில்லை.

கதிர்காமத்தில் அவனைத் தேடினோம்.
ஆயிரம் வாய் ஒன்றாய் அரோகரா என்றது.
அதில் ஒன்று அவனுடையதாய் இருந்திருக்கும்.
குரல் கேட்டிராத ஒருவனைச்
சத்தத்துக்குள் எப்படித் தேடுவது?

‘வேற என்ன?’ என்றேன்.
மச்சாள் பில்லை என் கையிலிருந்து வாங்கி
அரிசிக்குக் கீழே, கொஞ்சம் சரிவாக
பேனா ஒன்று என்று எழுதினாள்.
கோயிலில் சனத்துக்கு முன்னால்
பூசகரோடே வாக்குவாதப்பட்ட வாய்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
மெழுகு வழிந்து மேசையில் உறைந்தது.

அப்போது கரண்ட் வந்தது.
ஃபான் சுழன்று பில்லைத் தூக்கி
முகம் மேலே தெரிய நிலத்தில் போட்டது.
இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்,
பதினெட்டாம் திகதிக்கு முன்.
காட்டுக் கதவு திறப்பது இருபதில்.

‘அதையும் எழுது கா’ என்றாள்.