இந்த மஞ்சள் யாருக்கு

அகாவுராப் பக்கம் எனக்கு இரண்டே தண்டவாளம்.
பன்னிரண்டு வருஷம் அவற்றின்மேல் போய் வந்தேன்.
பச்சை என்றால் பச்சை.
சிவப்பு என்றால் ஒரு டம்ளர் தேநீர்.

ஜமுனாவுக்கு மேற்கே மாற்றிவிட்டார்கள்.
இங்கே மூன்று.
இடது ஓரத்தில் கிடப்பது எல்லோருக்கும் பொது.
அதிலிருந்து மூணேகால் அடியில் என்னுடையது,
ஐந்தரை அடியில் அகலப்பாதைக்காரனுடையது.
பொதுவானதுதான் முதலில் தேய்கிறது.
வெயிலில் பார்த்தால் அது மட்டும் கூடுதலாய் மின்னும்,
இரண்டு வீட்டுக்குச் சமைக்கிறவளின் கரண்டி போல.

வழி பழகக் கொடுத்த தாளில்
எட்டு இரவு, எட்டுப் பகல், கையெழுத்துக்கு இடம்.
என் கேள்விக்கு அதில் கட்டம் இல்லை:
விளக்குக்குத் தெரியுமா
நான் எவ்வளவு அகலம் என்று?

தெரியாது.
முன்னால் பாதை காலி என்பது தெரியும்.
பாயிண்ட் எந்தப் பக்கம் ஒட்டிப் பூட்டியிருக்கிறது என்பதும்.
வருகிறவன் ஒல்லியா பருமனா என்பது
ஸ்டேஷனில் ஒருத்தி
ரிஜிஸ்தரில் எழுதிவைக்கும் ஓரெழுத்து.

பௌஷ் மாதப் பனி.
காஜ்லாபாரிக்கு வெளியே ஹோம் சிக்னல் மஞ்சள்.
அதன் தோளில் சாய்வாக ஐந்து வெள்ளை விளக்கு,
எந்தக் கிளைப்பாதை என்று சொல்ல.
என் கண்ணில் பட்டது இரண்டு.
கோடு போட இரண்டு புள்ளி போதும் என்பார் கணக்கு வாத்தியார்;
அவர் பனியில் ரயில் ஓட்டியதில்லை.
இரண்டாம் லூப் என்றால் மூன்று தண்டவாளமும் உண்டு.
மூன்றாம் லூப்பில் நடுவிலிருப்பது கிடையாது,
என் வலது சக்கரங்களுக்கு அங்கே ஜல்லிதான்.

நிறுத்தினேன்.

உதவியாளன் தௌஹித் விளக்கைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
"மஞ்சள்தானே, பாய்?"
மஞ்சள்தான்.
யாருடையது?

பின்னால் பதினோரு பெட்டி லால்மோனிர்ஹாட் ஜனம்.
அவித்த முட்டைக்காரன்தான் முதலில் இறங்கினான்,
வாளியும் உப்புப் பொட்டலமுமாக.
"சிவப்பே இல்லையே, ஏன் நிக்குது?"
"டிரைவருக்குக் கண் தெரியலையாம்."
அதுவும் உண்மைதான்.

போனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர் ரெஹ்னுமா:
"மஞ்சள் கொடுத்தாச்சே."
"பார்த்தேன். எந்த லூப்?"
"இரண்டு."
"ரிஜிஸ்தரில் என்னை என்னவென்று எழுதியிருக்கீங்க?"
காகிதம் புரளும் சத்தம்.
ஒரு பக்கம்தான் புரண்டிருக்கும்,
எனக்கு ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் முழுக்கப் புரண்டது.
"'மி' போட்டிருக்கேன். மீட்டர்.
அடிக்கோடும் போட்டிருக்கேன், போதுமா?"
போதும்.

ஊர்ந்தேன்.
பாயிண்ட் நாக்கின் மேல் சக்கரம் ஒரு முறை தடுக்கி
இடப்பக்கம் திரும்பியது.
முன்விளக்கின் வெளிச்சத்தில் மூன்றும் வந்தன.
நடுவிலிருப்பது வந்தது,
வந்துகொண்டே இருந்தது,
அதற்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை, இரும்பு அது,
சொன்னேன்.

நடைமேடை வலப்பக்கம்,
அகலப்பாதைப் பெட்டிக்கு அளந்து கட்டியது.
எனக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் விழுகிற இருட்டு.
மூட்டைகளை முதலில் எறிந்தார்கள், பிறகு பிள்ளைகளை ஏந்திக் கொடுத்தார்கள்,
கடைசியில் என்னைத் திட்டிக்கொண்டே தாண்டினார்கள்.

மறுநாள் சிக்னல் ஆட்கள் வந்து பார்த்தார்கள்.
ஐந்து விளக்கும் எரிந்தன.
ஒன்றும் பழுதில்லை.

தாமதம்: பத்தொன்பது நிமிடம்.
காரணம் என்ற இடத்தில்
'மஞ்சள் எனக்கா என்று கேட்டேன்' என்று எழுதினேன்.
மேலதிகாரி அடித்துவிட்டு 'பனி' என்று மாற்றினார்.
அதுவும் உண்மைதான்.

அன்றைக்கு நாலு டஜன் விற்றதாம்.
முட்டைக்காரன் மட்டும் எஞ்சின் அருகே வந்து
அடுத்த தடவை எங்கே நிற்பீர்கள்
என்று மரியாதையாகக் கேட்டான்.