தோற்றவன் துவைப்பான்

எங்கள் அணிக்கு எழுதாத சட்டம் ஒன்றுண்டு:
யாரால் தோற்றோமோ அவன்
பதினோரு ஜெர்சியையும் துவைக்க வேண்டும்.

மியோவால் தோற்றதாக யாரும் சொன்னதில்லை.
அவன் அடிக்கும் பந்துகளை
மேகம் வாங்கிக்கொள்ளும், கணக்கு முடியும்.
நான் கோல்கீப்பர்.
வலைக்குள் கிடப்பதை எடுக்கக் குனிபவன்.
ஆகவே மே மாதத்திலிருந்து
சாக்கு என் தோளில்.

மோல்மீன் மழை உங்களுக்குத் தெரியாது.
இங்கே தீக்குச்சிக்கு வியர்க்கும்.
உப்பு ஜாடிக்குள்ளேயே அழுது தீரும்.
பாலியஸ்டர் எப்படிக் காயும்?
நாலு நாள் கொடியில்
தலையில்லாத ஆட்டக்காரர்களாய்
சொட்டிக்கொண்டு நிற்பார்கள்.

முதல் வாரம் சோப்புத்தூளை அள்ளிக் கொட்டினேன்.
வாய்க்கால் முனைவரை நுரை.
காய்ந்தபின் மோந்து பார்த்தேன், ஒன்றுமில்லை.
ஒழிந்தது என்றிருந்தேன்.

மைதானத்தில் பத்தாம் நிமிடம்
உடம்புச் சூடு ஏறியதும்
எழுந்தது.
நூலுக்குள் படுத்திருந்ததை
யாரோ பேர் சொல்லி அழைத்ததுபோல்.
ஙப்பிச் சட்டிக்குள் தலையை விட்டமாதிரி இருக்கு
என்றான் உத்திராபதி.
ஙப்பியைப் பழிக்காதே, அதைச் சோற்றோடு தின்னலாம்
என்றான் கோ தெய்ன்.

மறுவாரம்
மியாவடி வழியாக வந்த தாய்லாந்து மணநீர்.
மல்லிகை.
கிடாய்க்குப் பூச்சூட்டியதுபோல இருந்தது.
எதிரணிக்காரன் பந்தை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்தான்.
அன்றைக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது.
மியோ அதையும் மேகத்துக்கு அனுப்பினான்.

பிறகு கொதிநீர்.
எட்டாம் எண்ணின் இடப்பக்கம் உரிந்து
மூன்றாகிவிட்டது.
மஞ்சள் அட்டையை உயர்த்திப் பிடித்தபடி
எந்த மூன்று, எந்த மூன்று என்று
நடுவர் மழையில் நின்றார்.

மருந்துக்கடை தனக்கோடி, என்னோடு படித்தவள்,
சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னாள்:
வியர்வைக்கு வாசமே கிடையாது.
அதைத் தின்கிறவைதான் நாறும்.
நீ கொட்டுகிற சோப்பும் மல்லிகையும்
அவற்றுக்குப் போர்வை.

இப்போதெல்லாம்
உள்ளை வெளியாகப் புரட்டி,
பச்சைத் தண்ணீர் நாலு பங்கு, வினிகர் ஒரு பங்கு,
அரை மணி ஊறல்.
அலசியபின் ஒரு பிடி சமையல் சோடா.
சோப்பு, பேருக்கு.
முறுக்கிப் பிழிவதில்லை.
மின்சாரம் வருகிற நாலு மணி நேரமும்
வீட்டு விசிறி அவர்களுக்கு.
எனக்குப் பழைய செய்தித்தாள் போதும்.

புரட்டப் புரட்ட ஆள் தெரிந்தது.
உத்திராபதிக்கு இடது அக்குள்தான் அதிகம் வியர்க்கும்.
கோ தெய்ன் கழுத்துப்பட்டியில் வெற்றிலைக் கறை.
சூசைராசு முதுகில் சிமெண்டு;
வேலைத்தளத்திலிருந்து நேரே வருகிறான்,
எங்களிடம் சொன்னதில்லை.
எல்லாவற்றிலும் கனமாய் நனைந்தது மியோவுடையது.
அவ்வளவு ஓடியிருக்கிறான்.
அதன்பின் நான்
மேகத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் முப்புன்காரர்களோடு ஆட்டம்.
பத்தாம் நிமிடம் வந்தது, போனது.
இருபது.
கம்பத்தடியில் மூக்கை உயர்த்திக் காத்திருந்தேன்.
சகதி, மிதிபட்ட புல், ஆற்றுக்காற்று.
வேறொன்றும் இல்லை.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
வராத நாற்றத்தை யார் கவனிப்பார்?
வராத கோலையும்தான்.
இரண்டு முறை விழுந்து தடுத்தேன்,
முழங்கை தேய்ந்ததுதான் சாட்சி.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

பெஞ்சில் பதினொன்றும் குவிந்து கிடந்தன.
தோற்றவன் இல்லாத நாளுக்குச்
சட்டத்தில் வழியில்லை.
ஆளாளுக்கு மழையைப் பார்த்தார்கள்.
ஈரம் ஆறினால் அது உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்,
எனக்குத் தெரியும்.
சாக்கைத் தூக்கினேன்.
பாதிக் கனம்தான் இருந்தது.
மறுமுனையை மியோ பிடித்திருந்தான்.