பாறை 047

குருபரப்பள்ளியில் தொடங்கி
சூளகிரிக்குள் முடிந்துவிட்டது கூட்டம்.
ஓசூர் போகும் பஸ்.
காலடியில் யாருடையதோ கொத்தமல்லி மூட்டை.
"உங்கள் பங்களிப்புக்கு நன்றி" என்ற குரல்
கேமராவை அணைத்து வைத்திருந்தது.
மடிக்கணினி மடியிலேயே
தன்னைப் பூட்டிக்கொண்டது.

வீடியோ கேமுக்குப் பாறை செய்கிறவள் நான்.
மூன்றரை வருடம், பாறை மட்டும்.
பர்கூர்ப் பக்கத்துக் குவாரியில்
திம்மராயன் மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு
ஒரே கல்லைச் சுற்றிச் சுற்றி
இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன்.
"கல்லுக்கு என்னம்மா கல்யாணமா?" என்றார்.
துளை போட்ட தடம், மழை வழிந்த கறை,
ஒன்றையும் விடவில்லை.
கோப்பில் அதன் பெயர் பாறை 047.

என்னை அனுப்பிய நாற்பதாம் நாள் கேம் வெளியானது.
கடைசியில் ஓடும் பெயர்களில்
அலுவலக நாயின் பெயர் இருந்தது.
வெளியீட்டு நாளில் வேலையில் இருந்தவர்கள் மட்டும்
என்பது விதியாம்.
நாய் இருந்தது.

அடுத்த கம்பெனி பரீட்சை வைத்தது:
ஒரு மரப்பெட்டி, ஐந்து நாள், கூலி கிடையாது.
சந்தூர் மண்டி மாங்காய்ப் பெட்டியைச் செய்தேன்.
வளைந்த ஆணி, துருத்தும் வைக்கோல்,
ஓரத்தில் கரிக்கட்டியால் அப்பாவின் டோக்கன் எண்,
63.
அனுப்பினேன்.
"பார்த்துவிட்டுச் சொல்கிறோம்."

ஆவணியில் அவர்களுடைய டிரெய்லர் வந்தது.
துறைமுகச் சண்டை. வெடித்துப் பறக்கும் பெட்டிகள்.
நிறுத்தினேன்.
பின்னால் ஓட்டினேன்.
63.
மறுபடி ஓட்டினேன். 63.

இப்போது எட்டாவது நேர்காணல்.
ஆரம்பநிலை வேலை, ஐந்து வருட அனுபவம் அவசியம்.
"நடுவில் ஏன் இந்த இடைவெளி?" என்கிறார்கள்,
நான் எங்கோ சுற்றுலா போய்
வழி தவறிவிட்டதைப் போல.

எதிர்வீட்டு இம்தியாஸ் என்னைக் கூப்பிட்டான்.
"அக்கா, இந்தப் பாறைக்குப் பின்னால ஒளிஞ்சா
ஒரு குண்டும் படாது, பாரேன்."
துளை போட்ட தடம். மழை வழிந்த கறை.
திரைக்குள் வெயில் சரியாகத்தான் விழுந்திருந்தது.

"கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி உட்காருடா," என்றேன்.
"இடது மூலையில ஒரு இடுக்கு இருக்கு,
குண்டு உள்ள வரும்."

வெள்ளிக்கிழமை அடைத்துவிடுவதாக
எழுதி வைத்திருந்தேன்.
கூட்டம் வியாழக்கிழமை.