பாக்கிக் கணக்கு: பியான் ஷோதாவ்

பெய்ஜிங்கில், லியூலிச்சாங் தெருவில் இருந்த என் அச்சகத்துக்கு
அவர் முதலில் வந்தபோது
பின்னலை வெட்டி நாலு நாள்கூட ஆகவில்லை.
பேச்சினிடையே கை பின்கழுத்துக்குப் போகும்,
இல்லாததைத் தடவிவிட்டுத் திரும்பும்.
"பாராளுமன்ற உறுப்பினர், அன்ஹுய். ஆயிரம் அட்டை."
குடியரசு என்ற சொல்லை
சுடச்சுட வாயில் போட்டவர்போல் உச்சரித்தார்.
முன்பணம் தந்தார். அதுவே கடைசி முன்பணம்.

சபை கலைந்தது. அறுநூறு அட்டை மிச்சம்.
யாருக்கோ சக்கரவர்த்தியாகும் ஆசை வந்தது;
பியான் சடங்கு வாரிய ஆலோசகர் ஆனார்.
மை காய்வதற்குள் சிம்மாசனம் காலி.

அட்டைகளுக்கென்று தனியே வைத்த எழுத்துப் பெட்டியில்
'அமைச்சர்' தேய்ந்து மொண்ணையாகிவிட்டது.
'முன்னாள்' மட்டும் புத்தம் புதிது.
யாரும் கேட்பதில்லை.

ஒரு ஜூலையில் பன்னிரண்டு நாள் பழைய அரசன் திரும்பினான்.
நாடகச் சாமான் கடைகளில் பின்னல் விற்றுத் தீர்ந்தது.
பியான் வந்தார். கை பின்கழுத்துக்குப் போனது.
இந்தத் தடவை அங்கே ஏதோ இருந்தது:
குதிரை மயிர்.
நான் சிரிக்கவில்லை. என் தலையிலும் அதே சரக்கு.

பிறகு பதினேழு நாள் வேளாண்மை அமைச்சர்.
அட்டை வாங்க அவரே வந்தார், ஆளை அனுப்பவில்லை.
ஹுவாய் ஆற்றுக் கரை உடைந்த இடத்தை
என் மேசைமேல் தேநீரால் வரைந்து காட்டினார்.
எத்தனை வண்டி மண், எத்தனை மூங்கில், எல்லாம் மனப்பாடம்.
மாகாணத்துக்கு எழுதியிருக்கிறாராம்.
பதில் வந்தபோது அந்த நாற்காலியில்
வேறொருவர் உட்கார்ந்து உறையைப் பிரித்தார்.

அதன்பின் ஜனாதிபதித் தேர்தல்.
ஓட்டுக்கு ஐயாயிரம் வெள்ளி, காசோலையாக.
ஊரே காறித் துப்பிய அந்த வாரம்
பியான் பதினோரு வருடப் பாக்கியை
வட்டியோடு எண்ணி வைத்தார்.
எந்தப் பணம் என்று நான் கேட்கவில்லை.
ஷாங்காயிலிருந்து புது ஈய எழுத்து வரவழைத்தேன்.

போன குளிர்காலம் தியன்ஜினிலிருந்து வந்தார்,
பட்டன் அறுந்த மேல்கோட்டோடு.
"ஐம்பது போதும்."
"பெயருக்கு வலப்பக்கம் என்ன போட?"
தெருவில் ஒட்டகங்கள் நிலக்கரி சுமந்து போயின.
எல்லாம் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.
"வெறுமையாக விடுங்கள்."

அன்றே கோத்தேன்,
மூன்றே எழுத்து.
புது ஈயம். கூர்மையாக விழுந்தது.