பிரிவு 11.4

தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது விழுக்காடு
என்று நான்தான் தட்டச்சு செய்தேன்.
மிச்சப் பொடியை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.
கூட்டினால், ஆண்டுக்கு
எட்டு மணி நாற்பத்தைந்து நிமிடம்.
அவ்வளவு நேரம் நாங்கள் செத்துக் கிடக்கலாம்,
சட்டப்படி.

தாலினில் ஐந்தாம் மாடி.
ஜன்னலில் ஹெல்சிங்கிக்குப் போகும் கப்பல்,
மேசையில் ஆறிப்போன காப்பி.
எங்கள் கணினிகள் இங்கே இல்லை.
எங்கே என்று ஒப்பந்தம் சொல்லாது;
'பொருத்தமான இடங்களில்' என்று சொல்லும்.
அந்தச் சொல்லும் என் கைங்கரியம்தான்.

ஜனவரி பதினேழு, இரவு ஒன்று பத்து.
பாய்டே ஊருக்கு அப்பால்
விர்வேயின் தொழுவத்தில்
பால் கறக்கும் இயந்திரக் கை
பாதி நீட்டியபடி நின்றுபோனது.
எந்தப் பசு எது என்று அதற்கு மறந்துவிட்டது.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
உள்ளே அறுபத்து நான்கு மடிகள்
கனத்தன, கனத்தன, கதறின.

அவள் எங்களை அழைத்திருக்கிறாள்.
ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்,
உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்.
பதினொரு முறை முக்கியம்.

ஆறு மணி பத்து நிமிடம்.
லேஹிக் என்ற பசுவுக்கு மடி வீங்கி
ஒரு காம்பு அதோடு போயிற்று.
நான் கணக்குப் பார்த்தேன்: மீறல் இல்லை.
இன்னும் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம்
எங்கள் கையிருப்பில் இருந்தது.

மார்ச்சில் புதுப்பிக்கும் ஒப்பந்தம் போயிற்று.
திரும்பி வந்தபோது
ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி:
'நின்றால், ஒரு மணிக்குள்
ஒரு மனிதக் குரல் என்னைக் கூப்பிட வேண்டும்.'
பணம் கேட்கவில்லை.
லேஹிக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இந்திரெக் நிமிர்ந்தான்.
'வரையறுக்கப்படாத சொல்.
பதிவுசெய்த குரலும் மனிதருடையதுதானே?'
அவன் சொன்னதில் பிழை இல்லை,
அதனால்தான் அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை.

மனிதக் குரல் என்பது:
உயிரோடிருக்கும் ஒருவருடையது.
(போதாது.)
கேள்வியின் நடுவே குறுக்கிட முடிவது.
(எங்கள் இயந்திரமும் குறுக்கிடும்.)
இருமுவது, தூக்கக் கலக்கத்தில் இருப்பது...
அடித்தேன், அடித்தேன்.
விடியும்போது ஒன்று நின்றது:
'தெரியாது என்று சொல்லக்கூடியது.'

சட்டப்பிரிவு சிவப்பு மையால் கேட்டது:
இது குற்ற ஒப்புதல் ஆகாதா?
ஆகட்டும் என்று எழுதினேன்.
எப்படியோ தப்பிவிட்டது,
நாற்பது பக்கத்தை யார் முழுதாகப் படிக்கிறார்கள்.

அவள் பாய்டேயில், நான் தாலினில்,
அடையாள அட்டையைச் செருகி
ஐந்து இலக்கம் தட்டினோம்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.
கைகுலுக்காத கையெழுத்து.

அக்டோபரில் ஓர் இரவு, மூன்று மணி,
சொல்லிவைத்தாற்போல் எல்லாம் அணைந்தது.
பட்டியலில் விர்வேக்கு எதிரே
என் எண் இருந்தது; நானே போட்டது.

'நின்றுவிட்டது' என்றேன்.
'தெரியும். ஏன்?'
'தெரியாது.'
'எப்போது வரும்?'
'அதுவும் தெரியாது.'
சற்று நேரம் அவளுடைய மூச்சு மட்டும்.
பிறகு, 'சரி. வைத்துவிடாதே,
இரண்டு கையும் வேண்டும் எனக்கு,
போனை மாடத்தில் வைக்கிறேன்.'

தகர வாளியில் முதல் பீச்சு விழுந்தது,
அடுத்தது, அடுத்தது.
வாளி நிறைய நிறைய
ஓசை தணிந்து தடித்தது.
நான் கட்டிலில் உட்கார்ந்து
கேட்டுக்கொண்டிருந்தேன், ஒன்றும் செய்யாமல்.
ஒருமுறை இருமினேன்.
'இருக்கிறாயா?' என்றாள்.
'இருக்கிறேன்.'

மறுநாள் இந்திரெக் பட்டியலைப் புரட்டிக் கேட்டான்:
ஒரே அழைப்பு, இரண்டு மணி நேரமா?
பதினொன்று புள்ளி நான்கு, என்றேன்.