முப்பத்தொன்பது

பிஸ்கட் டப்பாவுக்குள் நாற்பது காற்றாலைகளை அடுக்கி
சாயல்குடியில் பஸ் ஏறினேன்.
ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரம்,
அடியில் காந்தம், தலையில் மூன்று இறக்கை.
நடத்துனர் டப்பாவை ஆட்டிப் பார்த்து
"மிக்சரா சார்?" என்றார்.

மூக்கையூர். மீனவர் சங்கக் கட்டடம்.
ஐஸ்பெட்டிகளை ஓரம் தள்ளி மேசையை விரித்தேன்.
மேலே கட்டிய ப்ரொஜெக்டர் அதன்மேல் கடலைக் கொட்டியது.
தீவு பச்சை, ஆழம் நீலம்,
அரசாங்கம் தொடாதே என்ற இடமெல்லாம் ரோஜா நிறம்.
ஒன்றை எடுத்து வையுங்கள், மெகாவாட் ஏறும்,
கேபிள் நீளும், செலவு கூடும்;
பிடிக்காவிட்டால் நகர்த்துங்கள், இறங்கும்.
பரமக்குடிக்காரன் நான்,
இந்த வரியை எட்டாவது ஊரில் ஒப்பிக்கிறேன்.

யாரும் தொடவில்லை.
கடலைத் தொடக் கூச்சப்படும் மீனவர்களை
அன்றுதான் பார்த்தேன்.

சவேரிமுத்து மெல்லக் குனிந்தார்.
"காத்துக்கு ஒரு குமிழ் வச்சிருக்கியளே,
இருநூத்தி நாப்பதுன்னா யாரு?"
தென்மேற்கு என்றேன்.
"அப்ப கச்சானும் சோழகமும் சண்டை போடுற மூலை."
முதலுதவிப் பெட்டியில் இருந்த பிளாஸ்திரியைக் கிழித்து
குமிழைச் சுற்றி ஒட்டி, பேனா கேட்டு எழுதினார்:
வாடை. கொண்டல். சோழகம். கச்சான்.
முந்நூற்று அறுபது பாகையும்
நாலு பேருக்குள் அடங்கிவிட்டது.

அதன்பிறகு கைகள்.
ஒரு கை வைத்ததை இன்னொரு கை எடுத்தது,
எடுத்ததை மூன்றாவது கை வாங்கி
யோசித்து, திரும்ப அதே இடத்தில் வைத்தது.
வலைக்கயிறு அறுத்த தழும்பு,
டீசல் கருப்பு ஏறிய நகம்,
எல்லாம் அந்த நீலத்தில் குளித்தன.
இருநூற்றுப் பன்னிரண்டு மெகாவாட்.
எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

பிரகாசி பாசி எடுத்துவிட்டு நேராக வந்தவள்.
விரல்களில் சுற்றிய துணி இன்னும் ஈரம்.
நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி
தீவுக்கு இந்தப் பக்கம், பாருக்கு மேல், வைத்தாள்.
மேலிருந்த கேமரா இரண்டு வட்டத்தையும்
இரண்டு காற்றாலை என்று எண்ணிக்கொண்டது.
பதினாறு மெகாவாட் கூடுதல்.
அறையே சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.
"நான் முங்குற இடத்துல கரண்ட் வருதாக்கும்.
எனக்கு அதுல எவ்வளவு தருவிய?"

அதற்கு என்னிடம் குமிழ் இல்லை.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.
நான் மட்டும்தான் சிரித்தேன்.
கடல் மறைந்து வெறும் ஒட்டுப்பலகை மிஞ்சியது,
அதன்மேல் பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு கண்ணாடி.
கூட்டம் கலையும் என்று டப்பாவை எடுத்தேன்.
கலையவில்லை.
யாரோ செல்போன் வெளிச்சம் காட்ட,
யாரோ விரலைத் தண்ணீரில் நனைத்துப்
பலகையில் கோடு இழுத்தார்கள்:
இது விடிகாலை போற வழி, இது திரும்புற வழி,
இங்கே ஆடியில் நண்டு, இங்கே கல்.
கோடு காய்ந்தது. திரும்ப இழுத்தார்கள்.
என் வரைபடத்தில் இல்லாத எல்லாம்
தண்ணீராக வந்து தண்ணீராகப் போயின.
ஒன்றிரண்டை மட்டும் நான் எழுதிக்கொண்டேன்,
மீதிக்கு என் கை வேகம் போதவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது
காற்றாலைகள் இடம் மாறி நின்றன.
பாருக்குப் போக இரண்டு படகு அகலம் வழி.
பிரகாசியின் கண்ணாடி அதே இடத்தில்.
நூற்று முப்பத்தாறு மெகாவாட்,
கேமரா எண்ணிய அந்தப் பதினாறும் சேர்த்து.

டப்பாவில் எடுத்து அடுக்கினால் முப்பத்தொன்பது.
மேசைக்கு அடியில் தேடினேன், ஐஸ்பெட்டிக்குள் தேடினேன்.
யார் மடியையும் நான் கேட்கவில்லை.
அறிக்கையில் குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஒன்று எங்கே நிற்பது என்று
இன்னும் முடிவாகவில்லை.

அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.
மாதிரி ஒன்றுக்கு நூற்றெண்பது ரூபாய்,
அடுத்த மாதச் சம்பளத்தில்
பிடித்தம்.